‘நான்தான் கொன்னேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி

1

தூத்துக்குடியில் என்னோடு காலேஜில் படித்த சண்முகக்கனி போன வாரம் போன் செய்தாள். எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலரை இந்தத் தடவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம்.

“ஏளா, நீ அங்கன மொழிபெயர்ப்பு வேலதான பாக்க? நம்ம ஊரு பிள்ளைய பூரா வெளிநாடு வெளிநாடுன்னு கெளம்புதுவ. இங்கிலீஷ்ல எழுதவும், தமிழ்ல இருந்து மொழிபெயர்க்கவும் கொஞ்சம் குறிப்பு எழுதித் தா. சிரிப்பா இருக்கட்டும். ஒனக்குத்தான் வாய் ஜாஸ்தியே.”

வாய் ஜாஸ்திதான். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. அவள் போன் செய்வதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு விசாரணை அறையிலிருந்து வீட்டுக்கு வந்து, சோற்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வராது கனி. வருகிறதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உன் பாடு.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை. கிரேன், கன்டெய்னர், மீன் நாற்றம், கடற்காக்கை எல்லாம் உண்டு. வந்த புதிதில் அதையெல்லாம் பார்த்து நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்று ஏமாந்துதான் இங்கேயே வீடு எடுத்தோம். குளிர் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில், புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது, டீ மட்டும் உண்டு.

2

முதலில் ஒழுங்கான குறிப்புகள். இவற்றில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று யாருக்கும் எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் நம் ஆபீஸ்களில் விட்டுவிட்டுப் போன சட்டை அது. நாம் இன்னும் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம், அவன் பேரனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் டாட்டர்’ வேண்டாம், மகளைப் பெற்றுக்கொண்டிருக்கிறீர்களா தின்றுகொண்டிருக்கிறீர்களா என்று முழிப்பார்கள். ‘சாரி’ என்பதை இங்கே கமா மாதிரி போடுவார்கள். நீங்களும் போட்டுப் பழகுங்கள். ஆனால் எதிரில் இருப்பவர் சாரி என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

வாக்கியத்தை வெட்டுங்கள். நாம் தமிழில் ‘வந்து, பார்த்து, சொல்லி, கேட்காமல் போனதால்’ என்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில்தான் வினையை வைப்போம். ஆங்கிலக்காரனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. யார், என்ன செய்தார், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் ‘ஜன்னல் ஒடஞ்சு போச்சு’ என்று சொன்னால் முடிந்தது, பந்து அடித்த பயல் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆங்கிலத்தில் அவன் பேரை முதலில் எழுத வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

‘தி’ எங்கே போடுவது, எங்கே விடுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு என் மகள் சுபாவைத்தான் கேட்பேன். அவள் இங்கேயே பிறந்தவள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே திருத்தித் தருவாள்.

நான் தொழில் படித்தது எந்த வகுப்பிலும் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளி அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது, கோபம் நன்றாக வரும். கன்டெய்னர் மாட்டிக்கொண்டால் என் மேஜைக்குப் பின்னால் நின்று கத்துவார்.

“எழுதும்மா. அந்த வெளங்காத பயலுவளுக்கு எழுது. சரக்கு வெயில்ல கெடந்து நாறுது, இவனுவ ஏசில ஒக்காந்து என்ன சோலி பாக்கானுவன்னு கேளு.”

‘தாமதம் எங்களுக்குக் கவலை அளிக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி தட்டுவேன்.

“நான் சொன்னது பூராவும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் அண்ணாச்சி.”

“அந்த மூதிக்கு ஒறைக்கணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார். உண்மையிலேயே உறைக்கும். மறுநாள் கன்டெய்னர் நகரும். கப்பல் கம்பெனிக்காரனுக்கு ‘கவலை’ என்றால் எவ்வளவு கோபம் என்று தெரியும், எனக்கு அண்ணாச்சியின் ‘மூதி’ எவ்வளவு என்று தெரியும். ஒரு ஊர்க்காரர்கள் எப்படிக் கோபப்படுவார்கள், எப்படி அழுவார்கள் என்று தெரியாதவன் அவர்கள் பேச்சை மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. மற்ற குறிப்புகளை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

3

பொன்ராஜும் இசக்கிமுத்துவும் என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள். பொன்ராஜ் மாப்பிள்ளையூரணி. இசக்கிமுத்து ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் ஒருவனை ஒருவனுக்குத் தெரியாது. இங்கே மீன் பெட்டிகள் அடுக்குகிற குளிர்கிடங்கு ஒன்றில் ஒரே ஷிப்டில் சேர்ந்தார்கள், ஒரே அறையில் தங்கினார்கள், ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். வகுப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதச் சொன்னால் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் இசக்கிமுத்து கேட்டான்: “எக்கா, எங்க கெடங்குல பெட்டி அடுக்குத ராக்கு ஒண்ணு ஆடுது. சூப்பர்வைசர்ட்ட எப்படிச் சொல்ல?”

சொல்லிக் கொடுத்தேன். சின்ன வாக்கியம். அவன் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னான். அடுத்த வாரம் வந்து, “சொல்லிட்டேங்க்கா. ‘நோட்டட்’னுட்டான்” என்று சிரித்தான். எழுதிக்கொண்டார்கள், இனிப் பயமில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பொன்ராஜின் மகளுக்கு ஊரில் காது குத்து. வீடியோவில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஷிப்ட் நடுவில், “ஏலே இசக்கி, கொஞ்ச நேரம் என் எடத்துல நில்லுல, பிள்ளையப் பாத்துட்டு வாரேன்” என்று கேட்டிருக்கிறான். “போல, சோலியப் பாரு” என்று இவன் போய் நின்றிருக்கிறான். அங்கே பிள்ளை காது குத்தி அழுதுகொண்டிருந்த நேரத்தில் இங்கே அந்த ராக் சரிந்தது. ஐஸ் இறுகின பெட்டிகள் மொத்தமும் இசக்கிமுத்து மேல் விழுந்தன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பொன்ராஜ் ஓடிவந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சில் அறைந்து அழுதான். “நாந்தாம்ல ஒன்னக் கொன்னேன். பாவி நாந்தாம்ல கொன்னுட்டேன். ஒனக்கு எமனா வந்தது நாந்தாம்ல.”

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் ஒரு போர்வை எடுத்து வந்தாரா, தண்ணீர் எடுத்து வந்தாரா? இல்லை. போனை எடுத்து அதைப் பதிவு செய்தார். அப்புறம் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றில் போட்டார். ஆங்கிலத்தில் சுத்தமாக வந்து விழுந்தது: ஐ கில்டு யூ.

பொன்ராஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேலை செய்கிற இடத்தை விட்டு அகன்றான், தகுதியில்லாத ஆளை அங்கே நிற்க வைத்தான், சாவுக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டான் என்று குற்றச்சாட்டு. போலீஸும் அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரிகளும் தங்கள் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முடிப்பதற்கு முன்னாலேயே கம்பெனி தன் விசாரணையை வைத்துக்கொண்டது. அவன் விசா கம்பெனி கையில். குற்றம் என்று முடிவானால் வேலை போகும், விசா போகும், கொலைகாரன் என்கிற பேரோடு மாப்பிள்ளையூரணிக்குப் போய் இறங்க வேண்டும்.

இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்தான். ஏண்டா என்று கேட்டேன்.

“என்னன்னு பேசக்கா? கொன்னேன்னு கம்பெனிக்காரனே எழுதிட்டான். அந்தப் பிள்ளட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுப் பேச?”

4

அந்தப் பதிவுக்கு முறையான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கம்பெனி கேட்டது. சுற்றிச் சுற்றி அது என் மேஜைக்கே வந்தது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: எங்கள் பகுதியில் சாவு விழுந்தால் நெருங்கினவர்கள் அந்தச் சாவைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு அழுவது வழக்கம். இது துக்கம், ஒப்புதல் வாக்குமூலம் இல்லை.

எங்கள் நிறுவனத்தின் திருத்துநர் குறிப்பை அடித்துவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பினார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசுவான். நிறுவனத்தின் நடை விதிகளில் எல்லாம் இருக்கிறதாம். சிறிய வாக்கியம். செய்தவர் முதலில். மொழிபெயர்ப்பாளர் தன் பக்கத்திலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. ‘இதுவே மிகத் தெளிவாக இருக்கிறது’ என்று ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருந்தான்.

போனில் கூப்பிட்டுக் கத்தினேன். ஒரு மனுசன் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுததைப் போய் இலக்கணம் பார்க்கிறாயே, உனக்குக் கூறு இருக்கிறதா என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், கொஞ்சம் இறக்கித்தான் கேட்டேன். “உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது” என்றான். இந்த நாட்டில் யாராவது உங்கள் வருத்தம் புரிகிறது என்று சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விசாரணையில் வாய்வழி மொழிபெயர்க்கவும் என்னைத்தான் போட்டார்கள். ஒரு நிபந்தனை: சொன்னதைச் சொல்ல வேண்டும், விளக்கம் கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் நான் போகாவிட்டால் தெற்கத்தித் தமிழே காதில் விழாத எவனாவது வந்து உட்காருவான். ஒப்புக்கொண்டேன்.

கம்பெனியின் அறிக்கையையும் பொன்ராஜுக்காகத் தமிழில் மாற்றச் சொன்னார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ‘ராக் சரிந்திருப்பது காணப்பட்டது. முன்னர் தெரிவிக்கப்பட்ட கவலைகள் குறித்துக்கொள்ளப்பட்டிருந்தன. சோதனை திட்டமிடப்பட்டிருந்தது.’ யார் கண்டார், யார் தெரிவித்தார், யார் குறித்துக்கொண்டார்? ஒரு ஆள் கிடையாது. பேய் நடத்துகிற கம்பெனி போலிருக்கிறது. செய்தவரை முதலில் சொல்லு என்று எங்கள் பிள்ளைகளுக்கு விதி வைத்திருக்கிற ஆங்கிலக்காரர்கள், தங்கள் அறிக்கையில் ஒரு மனுசனைக்கூட நுழைய விடவில்லை. அத்தனை பக்கத்திலும் ‘நான்’ என்று சொன்னவன் பொன்ராஜ் ஒருத்தன்தான்.

5

வீட்டில் வந்து புலம்பினால் சுபா கேட்கிறாள்: “ஆனா அவர் அதைச் சொன்னார்தானே அம்மா?” இதை அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். என்னோடு சண்டை போடுவதற்குக்கூட அவளுக்குத் தமிழ் போதவில்லை.

“சொன்னான். துக்கத்துல சொன்னான்.”

“செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று யாராவது ஏன் சொல்வார்கள்?”

அடித்துவிடலாமா என்று வந்தது. அப்புறம் யோசித்தால் அவள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? அவள் நம்ம ஊரில் துட்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குக்கூடப் போனதில்லை. இங்கே சாவுக்குக் கருப்புக் கோட் போட்டுக்கொண்டு போய், சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு, நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அவள் பார்த்த சாவெல்லாம் அதுதான்.

என் அப்பா செத்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். பீச் ரோட்டுப் பக்கம் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருந்தார். கடையிலேயே மாரடைப்பு. துட்டி கேட்க வந்த பக்கத்துக் கடை அண்ணாச்சி, “நேத்து சாயங்காலம் நாந்தான் அவனக் கூட்டிட்டுப் போயி வடை வாங்கிக் குடுத்தேன், நாந்தான் கொன்னுட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தை வந்து, “ஆசுபத்திரிக்குப் போவச் சொல்லாமக் கொன்னுட்டேனே” என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். சித்தப்பா தன் பங்குக்குத் தான்தான் கொன்றேன் என்றார். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் காபி கொடுத்தோம். அம்மா மட்டும் தனியாகக் கிடந்து தவிக்கக் கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் பழியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

“இதை நீ அங்கே சொல்லலாமே” என்றாள் சுபா.

“சொல்லக் கூடாதுன்னுதான் வாயக் கட்டியிருக்கானுவளே” என்று கத்தினேன். பாவம், அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

6

விசாரணையை நடத்தியவர் வெளியிலிருந்து கூப்பிடப்பட்ட ஒரு வயதான அம்மா. கிடங்கு மேலாளர் ஒரு பக்கம், பொன்ராஜ் ஒரு பக்கம், நடுவில் நான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் மொழிபெயர்ப்பை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். ஐ கில்டு யூ. என் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தார்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

பொன்ராஜ் கேட்டதால்தான் இடம் மாறினார்கள் என்று உறுதி செய்ய, பேச்சியம்மாளை வீடியோவில் கூப்பிட்டார்கள். இசக்கிமுத்து அன்றைக்கு அந்த இடத்துக்குப் போகிற வழியிலேயே அவளுக்குப் போன் செய்து, பொன்ராஜ் மகளுக்குக் காது குத்து, நான் அவன் இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தானாம். கம்பெனிக்கு அந்த ஒரு பதில் போதும்.

திரையில் அவள் வந்தாள். சின்னப் பெண். பின்னால் சுவரில் இசக்கிமுத்துவின் படம், மாலை போட்டு. மேலாளர் கேள்வியைக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

“ஆமா, சொன்னாவ” என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. உடைந்துவிட்டாள். “நாந்தான் கொன்னேன். கடன் கெடக்கு, வீடு கெடக்குன்னு நச்சரிச்சு அனுப்புனது நாந்தான். நாந்தான் அவியளக் கொன்னுட்டேன். பாவி நாந்தான் கொன்னுட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதிப்படி மொழிபெயர்த்தேன். சிறிய வாக்கியம், செய்தவர் முதலில், என் பக்கத்திலிருந்து ஒரு சொல் சேர்க்கவில்லை. ஐ கில்டு ஹிம். மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

விசாரணை நடத்திய அம்மா மெதுவாகக் கேட்டார்: “நீங்கள் இந்தியாவில்தானே இருந்தீர்கள்? பிறகு ஏன் கொன்றதாகச் சொல்கிறீர்கள்?”

நான் கேட்டதும் பேச்சியம்மாளின் அழுகை நின்றுவிட்டது. சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். “இது என்ன கேள்விக்கா? புருசனப் பறிகுடுத்தவ வேற என்னத்தச் சொல்லி அழுவா? இவிய வீட்டுல சாவே விழுந்ததில்லையா?”

அதையும் அப்படியே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

“அங்கன தலையக் குனிஞ்சிட்டு இருக்கது பொன்ராசு அண்ணனா?” என்றாள் பேச்சியம்மாள். “அண்ணே, துட்டி கேக்க ஊரே வந்துச்சு. நீங்க ஒரு போனு போடலியே?”

பொன்ராஜ் எழுந்து நின்றுவிட்டான். “நாந்தாம்மா அவன அங்கன நிப்பாட்டுனேன்.”

“ஆமா. நான் இங்கருந்து அனுப்புனேன், நீங்க அங்கன நிப்பாட்டுனீய. அதுக்கு என்ன செய்ய? அழாதீய அண்ணே.”

விசாரணை நடத்திய அம்மா என் மொழிபெயர்ப்பை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். இந்தப் பதிவை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொன்னார். பொன்ராஜ் வேலைக்குத் திரும்பலாம் என்றார். அதைப் பொன்ராஜுக்குத் தமிழில் சொன்னேன். பொன்ராஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

மேலாளருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது போலிருக்கிறது. காகிதங்களை அடுக்கிக்கொண்டே, அப்படியென்றால் இது ஒரு துயரமான விபத்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் நன்றி, குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

“முடிஞ்சிட்டா?” என்றாள் பேச்சியம்மாள்.

“முடிச்சிட்டாவ.”

“எப்படி முடியும்? நான் அழுதத எழுதிட்டாவ, அண்ணன் அழுதத எழுதிட்டாவ. கொன்னது யாருன்னு எழுதினாவளா? அந்த ராக்கு ஆடுதுன்னு எனக்கே தெரியுமே, போன்ல சொன்னாவளே. கேளுங்கக்கா. நல்ல இங்கிலீஷ்ல கேளுங்க.”

கேட்டேன்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘தெரிவிக்கப்பட்ட கவலைகள் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டு’ என்று ஆரம்பித்தார்.

விசாரணை நடத்திய அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“யாரால்?” என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்து அதைப் பேச்சியம்மாளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். எல்லோரும் மேலாளரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.